பள்ளி விட்ட பிறகு மைதானம் யாருடையது?

விளையாட்டு வழியே இளையோர் – சமுதாயப் பணி: வேலையில் இருந்துகொண்டே படிக்க விரும்பும் ஆசிரியர்களுக்கு

பள்ளி விட்டு அரைமணி நேரம் கழித்து அச்சரப்பாக்கம் வட்டாரத்துப் பள்ளி மைதானங்களைப் பாருங்கள். சீருடைகள் மறைந்து டீ-சர்ட்டுகள் வந்திருக்கும். ஆறாம் வகுப்புப் பையன்கள் ஓரமாக ஒதுங்கிவிடுவார்கள். நம்மிடம் படித்துவிட்டுப் போன அண்ணன்கள் நடுவில் ஸ்டம்பு நடுவார்கள். அவர்களில் ஒருவர் மறைமலைநகர்ப் பக்கம் கம்பெனிக்கு ஷிப்டு போகிறவர். ஒருவர் கல்லூரியில் அரியர் வைத்திருப்பவர். இன்னொருவர் பத்தாம் வகுப்போடு நின்று பெயிண்டிங் வேலைக்குப் போகிறவர். பெண்பிள்ளைகள் அநேகமாக ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

இந்த அண்ணன்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எமிஸ் எண் அவர்களைப் பொறுத்தவரை முடிந்துபோன கதை. ஆனால் நம் எட்டாம் வகுப்பு மாணவன் அடுத்து என்ன ஆகப்போகிறான் என்பதை நம்மைவிட அதிகமாகத் தீர்மானிப்பவர்கள் அவர்கள்தாம். அவன் பேசும் சொல், முடிவெட்டு, முதல் பீடி, முதல் வேலை, சாதி பற்றிய முதல் பாடம் எல்லாமே அந்த மைதானத்து ஓரத்தில்தான் அவனுக்குக் கிடைக்கின்றன. அங்கே பெரியவர் ஒருவர் இருந்தால் பலவும் மாறும். அந்தப் பெரியவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும், அதற்கு எதைப் படிக்க வேண்டும், வேலையை விடாமல் அதைப் படிக்க முடியுமா என்பதே இந்தக் கட்டுரையின் பேச்சு.

உலகின் பல நாடுகளில் இது ஒரு தனித் தொழில். இளையோர் – சமுதாயப் பணி என்று இதைச் சொல்லலாம். பாடம் சொல்லிக்கொடுப்பதும் பயிற்சியாளர் வேலையும் இதில் அடங்கா. நாம் வகுப்புக்குள் நுழையும்போது மாணவர் அங்கே இருந்தே ஆக வேண்டும், அது சட்டம். மைதானத்துக்கு வருகிற இளைஞருக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. பிடிக்கவில்லை என்றால் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவார். இந்தப் பணியின் முதல் பாடமே அதுதான். அவர் தாமாக வருகிறார், ஆகவே அவருடைய ஆர்வம் எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பயிற்சியாளர் திறமையுள்ளவரைத் தேடுவார். இளையோர் பணியாளர் ஆடத் தெரியாமல் ஓரத்தில் நிற்பவரையும் பார்ப்பார். சில சமயம் அவரைத்தான் முதலில் பார்ப்பார்.

இளையோர் என்றால் யார் என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. 2003-ஆம் ஆண்டின் தேசிய இளைஞர் கொள்கை 13 முதல் 35 வயது வரை உள்ளவர்களை இளையோர் என்றது. 2014-ஆம் ஆண்டின் கொள்கை அதை 15 முதல் 29 என்று சுருக்கியது. முதல் கணக்கை எடுத்தால் நம் ஒன்பதாம் வகுப்பு மாணவரும், அவரை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் அண்ணனும் ஒரே வகைக்குள்தான் வருகிறார்கள். பள்ளிச் சுவர் அவர்களைப் பிரிக்கிறது, மைதானம் சேர்த்துவைக்கிறது.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று ஒதுக்க வேண்டியதில்லை. இதன் ஒரு வேர் சென்னையிலேயே இருக்கிறது. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றும் இயங்கும் அந்தக் கல்லூரி, ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்ற பெயர் பெற்றது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியின் மேலாளரும் அவரே. நம் பள்ளிகளின் மூத்த பி.டி. சார்கள் பலர் அங்கே படித்தவர்கள். அதே ஒய்.எம்.சி.ஏ. 1920-களில் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹேட்ச் தலைமையில் ஓர் ஊரக மறுமலர்ச்சி மையத்தை நடத்தியது. தேனீ வளர்ப்பு, கோழி வளர்ப்பு, கூட்டுறவு ஆகியவற்றைக் கற்பித்த அந்த மையம் கிராமப் பணியாளர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சியும் தந்தது. வேலையிலும் விவசாயத்திலும் இருப்பவர்கள் சில வாரம் வந்து கற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்பி அங்கே செய்துபார்க்கும் முறை அது. உடற்கல்வி நந்தனத்தில், ஊர்ப்பணி மார்த்தாண்டத்தில் என இரண்டும் ஒரே அமைப்பின் கீழ் வளர்ந்தன. பின்னால் நம் கல்வி ஏற்பாட்டில் உடற்கல்வி ஒரு துறையாகவும் சமூகப்பணி வேறொரு துறையாகவும் பிரிந்துபோயின. பிரிந்தது நல்லதல்ல என்பது என் கருத்து.

பிரிட்டனில் வேறு விதமாக நடந்தது. 1960-இல் வெளியான ஆல்பிமார்ல் அறிக்கை, இளையோர் மன்றங்களை நடத்த நல்ல மனம் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்று சொன்னது. அடுத்த ஆண்டே லெஸ்டர் நகரில் இளையோர் தலைவர்களுக்கான தேசியப் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. இன்று இங்கிலாந்தில் தொழில்முறை இளையோர் பணியாளர் ஆவதற்குப் பட்டப்படிப்பு வேண்டும். அதைப் பகுதிநேரமாகப் படிப்பவர்களும் உண்டு. பகலிலோ மாலையிலோ ஒரு மன்றத்தில் வேலை செய்துகொண்டே வகுப்புக்கும் போவார்கள். விளையாட்டை மையமாக வைத்து இதைக் கற்பிக்கும் படிப்புகளும் அங்கே இருக்கின்றன.

காமன்வெல்த் நாடுகளுக்கென்று ஒரு பட்டயப் படிப்பும் உருவானது. 1970-களில் தொடங்கிய காமன்வெல்த் இளைஞர் திட்டத்தின் ஆசிய மையம் சண்டிகரில் இருந்தது. அந்தத் திட்டத்தின் இளையோர் மேம்பாட்டுப் பணிப் பட்டயம் பிற்காலத்தில் 13 பாடப்பகுதிகள் கொண்ட தொலைநிலைப் படிப்பாக மாறியது. இந்தியாவில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இலங்கையில் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் அதை நடத்தின. பாடப்பகுதிகளின் தலைப்புகளைப் பார்த்தாலே இந்தப் பணி எவ்வளவு விரிந்தது என்று தெரியும்: சமூகத்தில் இளையோரின் இடம், கற்றல் எப்படி நிகழ்கிறது, பாலினமும் வளர்ச்சியும், மோதல்களைத் தீர்த்தல், திட்டமிடலும் மதிப்பிடலும், இளையோர் உடல்நலம், சுற்றுச்சூழல். மாதச் சம்பளக்காரரும் தன்னார்வலரும் தம் ஊரிலிருந்தே படிக்கலாம் என்பது அதன் அடிப்படை எண்ணம்.

நமக்கு மிக அருகில் திருப்பெரும்புதூரில் இருக்கிறது இராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம். 1993-இல் தொடங்கப்பட்ட அதை 2012-ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது. இளையோர் – சமுதாய மேம்பாட்டைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட சமூகப்பணி முதுகலைப் படிப்பு அங்கே உண்டு. அது முழுநேரப் படிப்பு. நம் மாவட்டத்துக்குள்ளேயே மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டு வளாகங்களும் அச்சரப்பாக்கத்திலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஒன்றில் இளையோர் பணி, மற்றொன்றில் விளையாட்டு. இரண்டையும் சேர்த்துப் படிக்க நினைப்பவர் தம் படிப்பைத் தாமே இணைத்துத் தைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தத் தையலுக்குப் போகும் முன் ஒரு கேள்வி. விளையாட்டு தானாகவே நல்ல மனிதரை உருவாக்குமா?

உருவாக்கும் என்று பரிசளிப்பு விழா மேடைகளில் எல்லோரும் சொல்கிறோம். இந்தத் துறையில் நெடுநாள் ஆய்வு செய்த பிரெட் கோல்டர் போன்றவர்கள் அதை அப்படியே ஏற்பதில்லை. விளையாட்டு ஓர் இடத்தையும் ஒரு காரணத்தையும் தருகிறது. அந்த இடத்தில் யார் இருக்கிறார், எப்படி நடந்துகொள்கிறார், விதிகள் என்ன, தோற்றவருக்கு என்ன நேர்கிறது ஆகியவைதாம் விளைவைத் தீர்மானிக்கின்றன என்பது அவர்கள் வாதம். நம் ஊர் அனுபவமும் அதையே சொல்கிறது. கிரிக்கெட் டோர்னமென்டால் ஒன்றுபட்ட ஊரும் உண்டு, அடிதடியில் போய் முடிந்த ஊரும் உண்டு. பந்து ஒன்றுதான்.

கென்யாவின் நைரோபியில் மதாரே என்ற குடிசைப்பகுதி. 1987-இல் அங்கே தொடங்கிய மதாரே இளையோர் விளையாட்டுச் சங்கம் கால்பந்து லீக் நடத்தியது. குப்பையும் சாக்கடையும் நிறைந்த பகுதி அது. எனவே தெருவைச் சுத்தம் செய்யும் அணிக்கும் லீக் பட்டியலில் புள்ளி உண்டு என்று விதி வைத்தார்கள். கோல் அடிக்காத அணிகூட உழைப்பால் மேலே வரலாம். சேவை தனி வகுப்பாகவோ உறுதிமொழியாகவோ வரவில்லை, ஆட்டத்தின் விதிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. இதில் நான் கற்றுக்கொண்டது அதைத்தான்: அறிவுரையை விதியாக மாற்று.

இன்னொன்று கொலம்பியாவின் மெடலின் நகரம். 1994 உலகக் கோப்பையில் தவறுதலாகத் தன் அணிக்கு எதிராகவே கோல் போட்ட ஆந்த்ரேஸ் எஸ்கோபார், ஊர் திரும்பியதும் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகு அந்நகரின் வன்முறை மிகுந்த பகுதிகளில் தொடங்கிய கால்பந்து முயற்சியில் விதிகள் விநோதமாக இருந்தன. நடுவர் இல்லை. ஆண்களும் பெண்களும் ஒரே அணியில். முதல் கோலைப் பெண்தான் அடிக்க வேண்டும். பிற்காலத்தில் இது மூன்று பகுதி ஆட்டமாக உலகெங்கும் பரவியது. முதல் பகுதியில் இரு அணியும் உட்கார்ந்து விதிகளைப் பேசி முடிவு செய்யும். இரண்டாவது பகுதி ஆட்டம். மூன்றாவது பகுதியில் மறுபடி உட்கார்ந்து, ஒப்புக்கொண்டபடி நடந்தோமா என்று பேசி ஒருவருக்கொருவர் நேர்மைப் புள்ளி தருவார்கள்.

இதை நம் கபடிக்குக் கொண்டுவர முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். கபடியில் நடுவர் இல்லாமல் பத்து நிமிடம்கூட ஓடாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன், தொட்டானா தொடவில்லையா என்பதுதான் கபடியின் முழுச் சண்டையும். அதனாலேயே அது நல்ல பாடம். பக்கத்துக்கு ஏழு பேர், 30 நொடி ரெய்டு என்ற வழக்கமான விதிகள் அப்படியே இருக்கட்டும். கூடுதலாக மூன்று விதிகளை மட்டும் அணிகளே பேசி வைத்துக்கொள்ளட்டும். தொடப்பட்டவர் தாமே கையைத் தூக்க வேண்டும் என்பது ஒன்றாக இருக்கலாம். ஏழு பேரும் ஒருமுறையாவது ரெய்டு போயிருக்க வேண்டும் என்பது இன்னொன்று. பட்டப்பெயர், அப்பா பெயர், தெருப் பெயர் சொல்லிக் கிண்டல் செய்தால் ஒரு புள்ளி போகும் என்பது மூன்றாவது. ஆட்டம் முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து பத்து நிமிடம் பேச வேண்டும். வெற்றிக்கு மூன்று புள்ளி, எதிரணி தரும் நேர்மைப் புள்ளி அதிகபட்சம் மூன்று. முதல் வாரம் யாரும் யாருக்கும் புள்ளி தரமாட்டார்கள். அதைக் கண்டு நடத்துபவர் உடனே நடுவராகிவிட்டால் எல்லாம் முடிந்தது. "அவங்க ஏன் உங்களுக்குப் புள்ளி தரலைன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பதுதான் அவருடைய வேலை. கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது நம் தொழிலில் இருப்பவர்களுக்கு எவ்வளவு கடினம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நம் கடற்கரையிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. கோவளத்தில் மீனவக் குடும்பத்தைச் சேர்ந்த மூர்த்தி மேகவன் அலைச்சறுக்கைத் தாமே கற்று, ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சர்ஃப் பள்ளியைத் தொடங்கினார். புகை கூடாது, குடி கூடாது, அலைச்சறுக்கு மட்டும் என்பதே அங்கே சேர்வதற்கான நிபந்தனை. பலகை வேண்டுமா, இந்த ஒப்பந்தத்துக்கு வா. மதாரேவில் லீக் புள்ளி செய்த வேலையை இங்கே பலகை செய்கிறது. கடலோடு பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அலை தெரியும், நீச்சல் தெரியும். அந்த அறிவுக்கு மதிப்புக் கொடுத்து அதிலிருந்து தொடங்கியதுதான் அங்கே நடந்த நுட்பமான காரியம். இன்று கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் உள்ளூர் இளைஞர்கள் அலைச்சறுக்குப் பயிற்சியாளர்களாகவும் கடலில் சிக்கியவர்களை மீட்பவர்களாகவும் இருக்கிறார்கள்.

சென்னையின் கண்ணகி நகர் மறுகுடியமர்த்தப்பட்ட மக்களின் பகுதி. ஊர்ப் பெயரைச் சொன்னாலே வேலை கிடைக்காது என்று அங்கிருப்பவர்கள் வருந்திய காலம் உண்டு. அந்தக் கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் ஆடினார். பதக்கத்தை நாடே கொண்டாடியது. ஆசிரியர்களாகிய நாம் பதக்கத்துக்குப் பின்னால் பார்க்க வேண்டும். ஒரு குடியிருப்பில் நாள்தோறும் மாலையில் பெண்பிள்ளைகள் வெளியே வந்து ஆட, ஒரு பயிற்சியாளரும் சில பெற்றோரும் ஆண்டுக்கணக்கில் வழிசெய்திருக்கிறார்கள். பதக்கம் கிடைக்காத மற்ற பிள்ளைகளுக்கும் அந்த மாலைகள் கிடைத்திருக்கின்றன.

ஒரு பெரிய நிகழ்வு, தொடர்ந்த பணியாக மாறுவது எளிதல்ல. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாடு நடந்தபோது நம் பள்ளிகளெங்கும் சதுரங்கப் போட்டிகள் நடந்தன. தம்பி என்ற குதிரைச் சின்னம் எல்லாச் சுவர்களிலும் இருந்தது. அந்தப் பலகைகள் இன்று உங்கள் பள்ளியில் வாரத்துக்கு எத்தனை நாள் வெளியே வருகின்றன? 2024-இல் மாநிலத்தின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு வழங்கும் திட்டம் தொடங்கியது. அச்சரப்பாக்கம் பேரூராட்சி, அதைச் சுற்றியுள்ள ஒன்றியத்தின் ஊராட்சிகள் அத்திட்டத்தில் வருகின்றன. மட்டையும் பந்தும் வந்தாயிற்று. அவற்றை யார் எடுத்துக் கொடுப்பது, யாருக்கு முதலில் கொடுப்பது, திரும்ப யார் வாங்கி வைப்பது என்பதெல்லாம் மனிதர் செய்ய வேண்டிய வேலை. அந்த மனிதரைத்தான் படிக்கச் சொல்கிறோம்.

இனி, எப்படிப் படிப்பது?

முதலில் ஒரு தெளிவு. பி.பி.எட். இரண்டாண்டு முழுநேரப் படிப்பு. அதை வேலையோடு படிக்க முடியாது. நாம் இங்கே பேசுவது உடற்கல்வி ஆசிரியராவது பற்றியதல்ல. தமிழாசிரியரும் கணித ஆசிரியரும் தொடக்கப்பள்ளி இடைநிலை ஆசிரியரும்கூட இந்தப் பணிக்கு வரலாம். நான் பரிந்துரைக்கும் தையல் இது. இக்னோவின் எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி முதுகலை, தொலைநிலையில் படிக்கக்கூடியது. குறைந்தது இரண்டு ஆண்டு. எந்தப் பட்டதாரியும் சேரலாம். களப்பணி அதில் கட்டாயம். அந்தக் களப்பணியை உங்கள் ஊர் இளையோரை மையமாக வைத்து அமைத்துக்கொள்ள மேற்பார்வையாளரிடம் பேசுங்கள். பாடநூல்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கின்றன என்பது நமக்குச் சிரமம்தான். இரண்டு மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து சேர்ந்தால், ஞாயிறு மாலை ஓர் அத்தியாயத்தைத் தமிழில் பேசித் தீர்த்துவிடலாம். விளையாட்டுப் பக்கத்துக்கு, பாட்டியாலாவின் நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனம் கோடைக்காலத்தில் நடத்தும் ஆறு வாரச் சான்றிதழ்ப் பயிற்சி பொருத்தமானது. ஆண்டு விடுமுறையில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும் என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

தொலைநிலைப் பட்டத்துக்கு மதிப்பு உண்டா என்று ஆசிரியர் அறைகளில் கேட்பார்கள். அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்கு இணையானவை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் தெளிவுபடுத்தியது. அரசுப் பணியில் இருப்பவர்கள் சேர்வதற்கு முன்பே துறையின் அனுமதி பெற வேண்டும். சேர்ந்துவிட்டுப் பிறகு எழுதிக் கேட்பது தேவையற்ற தலைவலி.

இந்தப் படிப்பின் உயிர் களப்பணிக் குறிப்பேட்டில்தான் இருக்கிறது. செய்வது, செய்ததைத் திரும்பிப் பார்ப்பது, அதிலிருந்து ஒரு கருத்துக்கு வருவது, அதை மறுபடி செய்துபார்ப்பது என்று டேவிட் கோல்ப் 1984-இல் விளக்கிய அனுபவக் கற்றல் சுழற்சி நம்மில் பலருக்குப் பி.எட். பாடத்திலேயே அறிமுகம். தேர்வுக்காகப் படித்த அதை இங்கே வாழ்ந்துபார்க்க வேண்டியிருக்கும். ஒரு மாலையைப் பற்றி இரண்டு விதமாக எழுதலாம். "17 பேர் வந்தனர். கபடி நடைபெற்றது. ஆர்வமுடன் பங்கேற்றனர்" என்பது ஒருவிதம். இதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. நாம் அனுப்பும் அறிக்கைகள் பல இப்படித்தான் இருக்கின்றன. இன்னொரு விதம்: "17 பேர். காலனியிலிருந்து வந்த ஐவர் ஒரே பக்கம் நின்றனர். நான் எண் சொல்லிப் பிரித்தேன். பிரித்ததும் இருவர் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிப் போய்விட்டனர். நான் பிரித்தது சரியா? அவர்களிடம் கேட்டிருக்க வேண்டுமா? நாளை கேட்டுப் பார்க்க வேண்டும்." இரண்டாவது குறிப்பை எழுதுகிறவர் ஆறு மாதத்தில் வேறு ஆளாகியிருப்பார். இதைப் படித்துக் கேள்வி கேட்க ஒரு மூத்தவர் வேண்டும். பிரிட்டனின் படிப்புகளில் மேற்பார்வை என்று இதற்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். நமக்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் போதும்.

அந்தக் குறிப்பில் வந்த சங்கதியை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. நம் பக்கத்து ஊர்களில் ஊர் அணி, காலனி அணி என்று தனித்தனியாக இருப்பது யாருக்கும் தெரியாத ரகசியமல்ல. பனியனின் நிறமும் அணியின் பெயரும்கூட அதைச் சொல்லிவிடும். வகுப்பறையில் ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பையன்கள், பொங்கல் டோர்னமென்டில் எதிரெதிர் அணியில் நிற்கிறார்கள். அன்று நடக்கும் வாய்த்தகராறு திங்கட்கிழமை வகுப்புக்குள் வருகிறது. கலந்து ஆடுங்கள் என்று மேலிருந்து உத்தரவு போட்டால், குறைந்த பலம் உள்ள பக்கம்தான் ஆட்டத்தை விட்டு விலகும். முதலில் பொது நேரம், பொது மைதானம், பொது உபகரணம் என்ற மூன்றும் உறுதியாக வேண்டும். இன்னார் ஆறு மணிக்கு மேல்தான் வரலாம் என்பது போன்ற எழுதாத விதிகளை உடைக்காமல், சமபந்தி போல ஒருநாள் கலந்து ஆடிவிட்டு நிழற்படம் எடுப்பதில் பொருளில்லை. இருளர் குடியிருப்புப் பிள்ளைகளைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டும். அவர்கள் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கும். மைதானத்தில் இருக்கிறார்களா?

ரோஜர் ஹார்ட் 1992-இல் யுனிசெஃப்புக்காக எழுதிய ஆய்வில், பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். கீழே உள்ள மூன்று படிகளும் பங்கேற்பே அல்ல என்பார். பிள்ளைகளைப் பயன்படுத்திக்கொள்வது, அலங்காரமாக நிறுத்துவது, பெயருக்குச் சேர்ப்பது. பேனரைப் பிடிக்கச் சொல்லி வெயிலில் நிற்கவைப்பது இரண்டாவது படி. மேலே போகப்போக முடிவுகள் இளையோர் கையில் இருக்கும். டோர்னமென்ட் நடத்தலாமா வேண்டாமா, நுழைவுக் கட்டணம் எவ்வளவு, பரிசு கோப்பையா நோட்டுப்புத்தகமா என்பதை அவர்களே பேசி முடிவெடுக்கும்போது அவர்கள் ஏணியின் மேல் பாதியில் இருக்கிறார்கள். நம் பள்ளி விளையாட்டு விழா எந்தப் படியில் நிற்கிறது என்று ஆசிரியர் கூட்டத்தில் ஒருமுறை பேசிப்பார்க்கலாம்.

பெண்பிள்ளைகள் பற்றி. எட்டாம் வகுப்பு வரை ஓடியாடிய பெண் ஒன்பதில் மைதான ஓரத்துக்குப் போகிறாள், பத்தில் அங்கேயும் இல்லை. இதற்கு மாதவிடாய், உடை, கழிப்பறை, இருட்டிய பின் வீடு திரும்பும் வழி, அண்ணன்களின் பார்வை, ஊர்ப்பேச்சு என்று காரணங்கள் கோர்வையாக நிற்கின்றன. இவற்றில் நாம் தீர்க்கக்கூடியவை உண்டு. ஆட்டத்தை நாலரைக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடிக்கலாம். டிராக் பேன்ட் அணியலாம் என்று பள்ளியே சொல்லிவிடலாம். ஓர் ஆசிரியையோ ஒரு தாயாரோ உடன் இருக்க ஏற்பாடு செய்யலாம். தமிழ்நாட்டுக்கு இதில் பெருமைப்படத்தக்க முன்கதை இருக்கிறது. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் காலத்தில், பெண்களுக்கு எழுத்தோடு மிதிவண்டியும் கற்றுக்கொடுத்தார்கள். கல்குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிகளுமான பெண்கள் ஆயிரக்கணக்கில் கற்றார்கள். கிண்டலும் ஏச்சும் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரே சமயத்தில் அத்தனை பேர் ஓட்டியதால் தனியாக யாரையும் குறிவைக்க முடியவில்லை. முதியோர் கல்வி, உடல் இயக்கம், சமுதாய மாற்றம் மூன்றும் ஒரே சைக்கிளில் போனதற்கு இதைவிட நல்ல பாடம் வெளிநாட்டு நூல்களில் எனக்குக் கிடைத்ததில்லை. ஒரு பெண்ணை மட்டும் மைதானத்துக்கு அழைக்காமல் பத்துப் பேரைச் சேர்த்து அழைக்க வேண்டும் என்பது அதிலிருந்து நேராக வருகிற நடைமுறை.

பாதுகாப்பைப் பற்றிய பகுதி எந்தப் படிப்பிலும் விருப்பப் பாடமாக இருக்கக்கூடாது. வெவ்வேறு வயதினர் கலந்து இருக்கும் இடம் மைதானம். பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளையோடு தனியாக அறையிலோ வாகனத்திலோ இருக்கும்படி ஏற்பாடு இருக்கவே கூடாது, நம்மையும் சேர்த்து. தன்னார்வலர் யாராக இருந்தாலும் அவரைப் பற்றி விசாரித்தே சேர்க்க வேண்டும். பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தால், நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும்கூட, காவல்துறைக்குத் தெரிவிப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி ஒவ்வொருவரின் கடமை. ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடிக்கிற விஷயமல்ல அது. 1098 குழந்தைகள் உதவி எண்ணும் 14417 பள்ளிக் கல்வி உதவி எண்ணும் உபகரண அறைக் கதவில் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்ற கேள்வி நியாயமானது. வகுப்பு, எமிஸ் பதிவு, தேர்தல் பணி, வீடு என்று ஏற்கெனவே நிறைந்த நாளில் தினமும் மாலையில் மைதானத்தில் நிற்கச் சொல்வது சரியல்ல. வாரம் இரண்டு மாலை போதும், ஆனால் அந்த இரண்டு நாள் தவறக்கூடாது. மற்ற நாள்களைப் பழைய மாணவர்கள் இருவர் பார்த்துக்கொள்ளும் நிலைக்கு ஓராண்டில் கொண்டுவர முடிந்தால் பணி நடக்கிறது என்று பொருள். 2021 அக்டோபரில் நம் பக்கத்து மரக்காணம் வட்டாரத்தின் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கப்பட்டபோது, ஊருக்குள் படித்துவிட்டு இருந்த பெண்கள் எத்தனை பேர் தன்னார்வலர்களாக முன்வந்தார்கள் என்பதை நாம் பார்த்தோம். அவர்களில் பலருக்கு அதுவே முதல் பொதுப்பணி. அவர்களைப் போன்றவர்களை அடுத்த கட்டப் படிப்புக்கு வழிநடத்துவதும் இந்தப் பணியில் சேரும். பகுதிநேரப் படிப்பு ஆசிரியருக்கு மட்டும் உரியதல்ல. கம்பெனி ஷிப்டு முடித்துவிட்டு வருகிற அந்த அண்ணன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவராக இருந்தால் இக்னோவின் சமூகப்பணி இளநிலைப் பட்டத்தில் சேரலாம். மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலகத்தின் பெயரிலேயே இளைஞர் நலன் இருக்கிறது. அங்கே அவரை ஒருமுறை அழைத்துப்போய் அறிமுகம் செய்துவையுங்கள்.

இக்னோவுக்கு ஆண்டில் ஜனவரி, ஜூலை என இரண்டு சேர்க்கைக் காலங்கள். விண்ணப்பிக்கும் முன் ஒரு மாதம் இந்தச் சிறு ஆய்வைச் செய்துபாருங்கள். வாரம் இரண்டு மாலை, 30 நிமிடம் மட்டும், எதையும் நடத்தாமல் மைதானத்தில் உட்காருங்கள். யார் வருகிறார்கள், எந்தப் பக்கத்திலிருந்து, யார் பந்து கொண்டுவருகிறார், யார் கேட்காமலே சேர்க்கப்படுகிறார், யார் கேட்டும் சேர்க்கப்படவில்லை, யார் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கிறார் என்று எழுதுங்கள். மைதானத்தின் ஒரு வரைபடம் போட்டு, அவரவர் நிற்கும் இடத்தைக் குறியுங்கள். நான்காவது வாரம் அந்த வரைபடத்தை அவர்களிடமே காட்டி, இது சரியா என்று கேளுங்கள். அவர்கள் திருத்துவார்கள். அந்தத் திருத்தம்தான் உங்கள் களப்பணிக் குறிப்பேட்டின் முதல் பக்கம்.